நின்ற இடத்தில் மூச்சு வாங்கும் கார்

வீட்டுவேலைக்குச் சம்பளம் கிடையாது என்பது கல்யாணத்துக்கு முன்பே தெரியும். அதற்குள் டிரைவர் வேலையும் மெக்கானிக்கோடு மல்லுக்கட்டும் வேலையும் அடக்கம் என்பது பிறகுதான் தெரிந்தது.

எங்கள் வெள்ளைக் காருக்கு நல்ல வயசாகிவிட்டது. வீட்டுக்காரர் மஸ்கட்டில். பிள்ளைகள் இரண்டும் வெளியூரில் படிக்கின்றன. கோட்டாற்றில் நானும் காரும் மட்டும். காய்கறிக்கு, பாங்குக்கு, கோயில் பாட்டுப் பயிற்சிக்கு, அப்புறம் தெருவில் யார் யாருக்கு எங்கெங்கே போக வேண்டுமோ அங்கெல்லாம் நாங்கள் போவோம். தெருவில் ஒரு வீட்டில் கார் நின்றால் அது அந்த வீட்டுக் கார் இல்லை என்பதை அனுபவப்பட்ட சகோதரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எல்லாரையும் இறக்கிவிட்டுத் திரும்பும்போது மட்டும் அது என்னுடையது. பூதப்பாண்டிப் பக்கம் வயலோரமாக ஒரு மரநிழல் உண்டு. அங்கே நிறுத்தி, ஏ.சி.யை ஓடவிட்டு, சீட்டைச் சாய்த்துக்கொள்வேன். கண்ணாடிக்கு வெளியே பச்சை, சத்தமில்லாமல் அசையும். அந்தக் கொஞ்ச நேரம் 'அம்மா' என்றோ 'எக்கா' என்றோ யாரும் கூப்பிட முடியாது. எங்கெங்கோ போய்விட்டு வருவேன்; பெட்ரோல் அவ்வளவாகச் செலவாகாது.

அந்தக் காருக்குத்தான் ஆனி மழையோடு நோய் வந்தது. நின்றுகொண்டிருக்கும், நியூட்ரலில் இருக்கும், ஆக்ஸிலேட்டரில் என் கால் இருக்காது. ஆனாலும் என்ஜின் தானாக உறுமிக்கொண்டு ஏறும், அணையப்போகிற மாதிரித் தேய்ந்து இறங்கும், மறுபடி ஏறும். கண்ணை மூடிக் கேட்டால் கடற்கரையில் நிற்கிற மாதிரி இருக்கும். மெக்கானிக் பாஷையில் 'ஐடிலிங் ஏறி இறங்குது'. ஒருநாள் ஆரல்வாய்மொழிச் சாலையில் டிப்பர் லாரி ஒன்றின் முன்னால் தேய்ந்து இறங்கி, இறங்கியபடியே நின்றுவிட்டது. அதை வீட்டுக்காரரிடம் போனில் உளறியது என் புத்தி. கிறிஸ்துமஸ் கழிந்ததும் பழைய வண்டி என்று மறுபடி எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று, எடுக்க வேண்டிய வருஷம் வேறு. மஸ்கட்டிலிருந்து தீர்ப்பு வந்தது: "ஸ்டெல்லா, எஃப்.சி. கிடைக்கலன்னா வண்டிய எடைக்குப் போட்டிரு. ஊருல ஆட்டோவுக்கா பஞ்சம்?"

சிக்னலில்

ஆட்டோ கிடைக்கும்தான். ஆட்டோவை வயலோரம் நிறுத்தி, டிரைவரை இறங்கச் சொல்லிவிட்டு நான் சீட்டைச் சாய்க்க முடியுமா? இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி வடசேரி சிக்னலில் நின்றேன். சிவப்பு விழுந்திருந்தது. மேலே கம்பியில் கிளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நாகர்கோவிலில் சிக்னலுக்கு மேலே கிளி உட்காரும் என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது. அதில் ஒன்று தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நானும் அதனோடு தொங்கப் போய்விட்டேன்.

இதற்கிடையில் என் கார் தன் போக்கில் உர்ர்ரென்று ஏறி இறங்கியிருக்கிறது. பக்கத்தில் பைக்கில் நின்ற பையன் என்னை ஒரு பார்வை பார்த்து, அவன் பைக்கையும் முறுக்கினான். என் கார் பதில் சொன்னது. அவன் முன் சக்கரத்தைக் கோட்டுக்கு வெளியே தள்ளினான். என் கார் இன்னும் பலமாகப் பதில் சொன்னது. பச்சை விழுந்ததும் அவன் அம்பு மாதிரிப் பாய்ந்தான்; என் வண்டி சரியாக அந்த நொடியில் தேய்ந்து இறங்கி அணைந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹாரனில் என் குடும்பத்தையே விசாரித்தார்கள். திரும்பி வந்து வண்டியை ஓரத்துக்குத் தள்ளிவிட்டவன் அந்தப் பையன்தான். மூச்சு வாங்கச் சொன்னான்: "ஆன்ட்டி, ரேஸுக்குக் கூப்பிட்டது நீங்க, இப்பம் தள்ளுறது நானா?"

பாய் சொன்னது

எங்கள் மெக்கானிக் சித்திக் பாய். நல்ல மனுஷன், நல்ல கை, ஆனால் ஒரு வாக்கியத்தைத் தொடங்கிய இடத்தில் முடிக்கத் தெரியாது. என்ன கோளாறு என்று கேட்டேன். "பிளக்கா இருக்கும் எக்கா. இல்லன்னா பெட்ரோல்ல தண்ணி. இல்லன்னா காத்து. இல்லன்னா நேரம்," என்றார். யாருக்கு நேரம் என்றேன். "வண்டிக்குத்தான், பின்ன உங்களுக்கா?" என்றார். கேள்விக்கு முழு வாக்கியத்தில் பதில் சொல்லாவிட்டால் காதைத் திருகுகிற கான்வென்ட் சிஸ்டர்களிடம் படித்தவள் நான். ஒவ்வொன்றாகப் பாருங்கள், பார்த்ததைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போங்கள் என்று பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

பிளக் மாற்றினார். ஃபில்டரைத் தட்டினார். காற்று உள்ளே போகிற த்ராட்டில் பாடியைக் கழற்றித் துடைத்து, துணியில் கண்மை மாதிரி அப்பியிருந்த கரியை எனக்குக் காட்டினார். ரெண்டு நாள் வண்டி ஃபாதர் கையால் முதல் நன்மை அப்பம் வாங்கிய பிள்ளை மாதிரி அடக்கமாக இருந்தது. அப்புறம் பழையபடி அலை. திரும்பக் கொண்டு போனால் பட்டறை வாசலில் மட்டும் ஒரு சேட்டையும் இல்லை. டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விடுகிற பிள்ளைகளை வளர்த்தவர்களுக்கு என் கோபம் புரியும். பாய் பானெட்டின் மேல் காதை வைத்து, கண்ணை மூடி, வெகுநேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எக்கா, வண்டிக்கு ஒண்ணுமில்ல, நீங்கதான் ரொம்ப உத்துக் கேக்கிய."

மந்திரிப்பு

எங்கள் பங்குத் திருவிழாவில் ஒருநாள் வாகன மந்திரிப்பு. திருப்பலி முடிந்ததும் பைக், ஆட்டோ, மீன் வண்டி, ஜே.சி.பி. எல்லாம் கோயில் முற்றத்தில் வரிசையாக நிற்க, ஃபாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வருவார். எல்லாரும் வண்டியை அணைத்துவிட்டு நிற்பார்கள். என்னோடு கான்வென்டில் ஒரே பெஞ்சில் இருந்தவளும் இப்போது பக்கத்து வீட்டுக்காரியுமான பிலோமி விட்டாளா? "ஏட்டி, நோவு உள்ள இருக்கு, தகரத்துக்கு மேல தெளிச்சா எப்பிடிக் கேக்கும்? பானெட்டத் திற. வண்டியும் ஓடட்டும், நோவு எதுன்னு ஃபாதருக்குத் தெரியாண்டாமா?" என்றாள். அந்த நேரத்தில் அது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

சாம்பிராணிப் புகைக்குள் எல்லாமே கொஞ்சம் மிதக்கிற மாதிரி இருந்தது. என் கார் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பாட்டுக் குழுவும் அதே தாளத்துக்கு ஏறி இறங்கியது. ஃபாதர் எங்கள் முறை வந்ததும் திறந்த பானெட்டைப் பார்த்து ஒரு நொடி தயங்கி, பிறகு மற்ற வண்டிகளுக்கு இல்லாத தாராளத்தோடு மூன்று தரம் வீசித் தெளித்தார். என்ஜின் ஒருமுறை விக்கியது. இருமியது. அடங்கியது. சாவியைத் திருகினால் கர்ரென்றுகூடச் சொல்லவில்லை. பின்னால் நின்ற ஜே.சி.பி.காரன் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டான். ஃபாதர் கையிலிருந்த தீர்த்தச் செம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்: "அம்மா, நான் மந்திரிக்கத்தான் செய்வேன். ஸ்டார்ட் பண்ணித் தாறது என் வேலையில்ல."

கொழுந்தன் தடவிய பால்

தண்ணீர் காய்ந்து வண்டி உயிர் பெற்றது. நோயும் கூடவே எழுந்தது. என் கொழுந்தன் ராஜனுக்குக் குலசேகரத்தில் ரப்பர் தோட்டம்; வண்டியை அங்கே கொண்டுபோனேன். ஓட்டை வாளி, அறுந்த செருப்பு, ஒழுகுகிற ஓடு எதுவானாலும் அவனிடம் மருந்து ஒன்றுதான், மரத்திலிருந்து அன்று வடித்த ரப்பர் பால். நல்லதைச் சொல்ல வேண்டும்: பாய் கண்ணில் படாததை அவன் கண்டுபிடித்தான். என்ஜினின் பின்பக்கம் கைவிரல் தடிமனில் வளைந்து போகிற ஒரு ஹோஸில், அடிப்பக்கமாகக் கீறல். கடையில் புதுசு வாங்கிப் போடுவோம் என்றேன். அதற்குள் அவன் சிரட்டையில் பாலோடு வந்துவிட்டான். பழைய வேட்டித் துணியைக் கிழித்துப் பாலில் முக்கிச் சுற்றினான். மேலே தடவினான். காயவிட்டு மறுபடி தடவினான். பிள்ளைக்குக் கட்டுப் போடுகிற பதனம்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், என்ஜின் அடங்கியது. சாயங்காலம் மலையிறங்கி வருகிறேன். இரண்டு பக்கமும் மரங்கள், ஒவ்வொரு மரத்தின் இடுப்பிலும் ஒரு கிண்ணம். வெயில் கோடு கோடாக விழுந்து கண்ணாடியில் ஓடியது. காருக்குள் இருக்கிறேனா, யாரோ என்னை மடியில் வைத்துத் தூக்கிப் போகிறார்களா என்று தெரியாத ஒரு சுகம். வீடு வந்து சேர்ந்ததும் மட்டும் பழைய சந்தேகபுத்தி எட்டிப் பார்த்தது. போன் போட்டு, இது தாங்குமா ராஜா என்று கேட்டேன். சிரித்தான்: "மைனி, லாரி டயரே எங்க பால்ல இருந்துதான் வருது, இந்தக் குழாய் எம்மாத்திரம்?"

இரணியல் கேட்

சில வாரம் தாங்கியது. ஐப்பசி மழையில் மறுபடி ஆரம்பித்தது. ஹோஸ்தான் சரியாகிவிட்டதே, இது வேறு ஏதோ என்று நானும் பாயும் அந்தப் பக்கமே போகவில்லை. தக்கலையில் ஒரு கல்யாணம். சாப்பிட்ட கையோடு பிலோமி திருவனந்தபுரத்தில் மகள் வீட்டுக்குப் போகிறாள். இரணியலில் ரயில் ஏற்றிவிடுவது என் பொறுப்பு. ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் முன்னால் கேட் அடைத்திருந்தது. மழை அடித்துக் கொட்டுகிறது. கல்யாணச் சாப்பாட்டில் பாயசம் இரண்டு வகை. வெளியே கேட்டின் சிவப்பு விளக்கு மழைத் தண்ணீரில் கரைந்து கரைந்து வழிகிறது. என்ஜின் ஏறுகிறது, இறங்குகிறது, சீட்டோடு எங்களையும் ஆட்டுகிறது. பிலோமி மகளுக்கு வாங்கிய நேந்திரங்காய் வற்றலைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சொல்லி முடித்தாளா, நான் கேட்டு முடித்தேனா, இரண்டும் தெரியாது.

பின்னாலிருந்து ஹாரன் மேல் ஹாரன். கண் விழித்தால் கேட் திறந்து கிடக்கிறது. எங்களுக்கு முன்னால் நின்ற பஸ்ஸைக் காணோம். அடைத்த கேட்டுக்கு அந்தப் பக்கம் போனது எந்த ரயில் என்று யோசிக்க எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. பிலோமி வாயைத் துடைத்துக்கொண்டு, வற்றல் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்தபடி கேட்டாள்: "ஏட்டி, தொட்டில்ல கிடந்த மாதிரில்லா இருந்துச்சு… அது எனக்க ரயிலாட்டி?"

குக்கர் காதோடு

டிசம்பர் வந்தது. வீடு வீடாக நட்சத்திரம் தொங்கியது. அவர் போனில், எடைக்கு எடுக்கிற ஆளிடம் பேசிவைத்திருக்கிறேன், எஃப்.சி. போனால் மறுநாளே வந்து கொண்டுபோவான் என்றார். போனை வைத்தேன். நேராக வயலோரம் போனேன். இன்னும் எத்தனை தரம் இங்கே வர முடியுமோ என்று நினைத்ததில் சீட்டைச் சாய்க்கக்கூட மனம் வரவில்லை. என்ஜினை ஓடவிட்டபடியே பானெட்டைத் திறந்துவைத்து, பக்கத்தில் நின்றேன். நாற்றுக்கு மேலே கொக்குகள். தண்ணீரில் ஆகாசம் தலைகீழாகக் கிடந்தது. அலை ஏறியது, இறங்கியது. மனசு அதிலேயே மிதந்து போய்விட்டது.

அலைக்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. மெல்லிசாக, விடாமல், ஸ்ஸ்ஸென்று. எங்கேயோ கேட்ட சத்தம். எங்கே? அடுப்படியில். குக்கர் காஸ்கெட் தளர்ந்தால் விசில் வராமல் ஓரமாக ஆவி கசியும், அதே சத்தம். என் மூக்கு பருப்பு வாசனையைக்கூடத் தேடியது. காதை முன்னால் விட்டு, கையைப் பின்னால் விட்டேன். ராஜன் கட்டிய கட்டின்மேல் விரல் பட்டது. பட்ட விரல் உள்ளே போனது. பலாப்பழம் உரிக்கிற மாதிரி பிசின். கட்டு முழுக்க இளகி, கீறல் திறந்து, அதன் வழியாக என்ஜின் களவாகக் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்தேன். அலை நின்றது. விட்டேன், உறுமியது. பிடித்தேன், அடங்கியது. வயல் வேலைக்கு வந்த ஒரு பெண் கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே நின்று பார்த்தாள். நான் அழுதுகொண்டிருந்தேன் என்பது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்: "எதுக்குக் கரையுதிய? அதுக்கு நாடிதான் நல்லா ஓடுதுல்லா."

பட்டறையில்

மறுநாள் பாயை நான் பேசவிடவில்லை. இந்த ஹோஸ், இதே அளவு, இப்போதே என்றேன். பட்டறைப் பையனை வாங்கிவரச் சொல்லிவிட்டுப் பழையதைக் கழற்றினார். கட்டு தனியாக நூல் நூலாக நீண்டு வந்தது. அந்த ஹோஸ் வழியாக என்ஜினின் எண்ணெய் ஆவி போகுமாம். எண்ணெய் பட்டால் பச்சை ரப்பர் இளகிவிடுமாம். வண்டியின் கம்ப்யூட்டர் இவ்வளவு காற்று, இவ்வளவு பெட்ரோல் என்று அளந்து ஊற்ற, கணக்கில் வராத காற்று பின்வாசல் வழியாக நுழைய, அது கூட்டிக் குறைத்து, கூட்டிக் குறைத்துத் தவித்திருக்கிறது. எதிர்பாராத விருந்தாளி வந்துகொண்டே இருக்கிற வீட்டில் சோறு வடித்தவர்களுக்கு அந்தத் தவிப்பு தெரியும். அடக் கடவுளே, இதை ஆனி மாசமே சொல்லியிருக்கலாமே என்றேன். பாய் அந்தப் பிசினை விரலில் சுற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முகத்தில் ஒரு குற்ற உணர்வும் இல்லை, பசிதான் இருந்தது. "எக்கா, இது ஹோஸ் இல்ல, அல்வா. உங்க கொழுந்தன மிட்டாய்க் கடை போடச் சொல்லுங்க."

மைதானத்தில்

எஃப்.சி. அன்று வெயில். மைதானம் முழுக்க வயசான வண்டிகள் வரிசையில், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி, ஒன்றையொன்று பார்க்காமல். என் முறை வருவதற்குள் சூடும் தூசியும் சேர்ந்து ஒரு மயக்கம் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் மதுரைப் பக்கத்துக்காரர் போலும், பேச்சில் தெரிந்தது. புகைக்குழாயில் கம்பி ஒன்றை நுழைத்தார். மெஷினைப் பார்த்தார். வண்டியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை, ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கமும் இல்லை. போச்சு, அணைந்துவிட்டது, எல்லாம் போச்சு, நாளைக்கு ஆள் வருவான் என்று பதறி, அவர் கையைத் தூக்குமுன் சாவியைத் திருகினேன்.

ஓடுகிற என்ஜினில் சாவியைத் திருகினால் என்ன சத்தம் வரும் என்று கேட்டிருக்கிறீர்களா? கருங்கல்லை அம்மியில் வைத்து அரைத்த மாதிரி. மைதானமே திரும்பியது. இன்ஸ்பெக்டர் துள்ளி விலகி நின்றார். கையெழுத்துப் போட்டுக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்: "ஓடிட்டிருக்கிற வண்டியை எதுக்கும்மா திரும்ப ஸ்டார்ட் பண்றீங்க?"

வயலோரம்

வீட்டுக்குப் போகவில்லை. மரத்தடிக்குப் போனேன். நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியை இறக்கி, சீட்டைச் சாய்த்தேன். அலை இல்லை. அது இருந்த இடத்தில் வேறு என்னவெல்லாமோ கேட்டது: மடையில் தண்ணீர் இறங்குவது, எங்கேயோ ஒரு தவளை, தூரத்தில் டிராக்டரை யாரோ திட்டுவது. காற்று வயலைத் தடவிக்கொண்டு போக, பச்சை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மெதுவாகத் திரும்பிப் படுத்தது. நானும் அதோடு திரும்பிப் படுத்தேன்.

போன் அடித்தது. இத்தனை மாதமாக அவர் கூப்பிடும்போதெல்லாம் பின்னால் உறுமுகிற உறுமலைக் கேட்டு, எங்கே நிற்கிறாய், ஏன் நிற்கிறாய், சும்மா நின்று ஏன் எரிக்கிறாய் என்றுதான் பேச்சே தொடங்கும். எஃப்.சி. கிடைத்துவிட்டது என்றேன். எடைக்காரனிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன், இனி நீயாச்சு வண்டியாச்சு என்றார். அப்புறம், வீட்டில் யாரும் இல்லையா, இவ்வளவு அமைதியாக இருக்கிறதே என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன், அது சத்தியம். அவர் குரல் இளகிவிட்டது: "நல்லதாப் போச்சு, அப்பிடியே கொஞ்சம் படுத்து எந்திரி. எப்பவும் அந்த வண்டியில கிடந்து அலையாத, கேட்டியா?"

பழைய காரின் ஐடிலிங்கைச் சரிசெய்வதில் உள்ள உண்மையான லாபம், நாம் எங்கே நிற்கிறோம் என்பதை அதற்குப் பிறகு அது மஸ்கட் வரைக்கும் காட்டிக் கொடுப்பதில்லை என்பதுதான்.